ஈசானியச் சுவர்

சாம்பிராணி போட்டால் நாற்றம் போகாது, நாற்றத்தோடு சாம்பிராணியும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். புது வீட்டுக்கு வந்த இந்த ஆறு மாதத்தில் சென்னியப்பனுக்கு நன்றாகவே தெரிந்துபோன விஷயம் இது. இருந்தாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தூபக்காலை ஊதிக்கொண்டிருந்தார். ஊத ஊதப் புகை அவர் கண்ணுக்குத்தான் வந்ததே தவிர சாமி ரூம் பக்கம் போகவில்லை, புகைக்கும் அந்த அறை பிடிக்கவில்லை போலிருக்கிறது. சாமிக்குச் சாம்பிராணி போட்ட காலம் போய்க் கக்கூசுக்குச் சாம்பிராணி போடுகிற காலம் வந்துவிட்டது, சீ, என்று வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தார். கேட்க யார் இருக்கிறார்கள், சாந்தாமணி பொள்ளாச்சியில் தங்கச்சி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள், போகும்போது வாசலில் நின்று, தெருவே கேட்க, "சாமி தலைமேல பீத்தண்ணி ஒழுகற வூட்ல நான் வெளக்கு வெக்க மாட்டேன், நீங்க என்னைக்குச் செவுத்தைச் சரி பண்றீங்களோ அன்னைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், தினமும் போனில் எடுத்தவுடன் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை, செவுரு காஞ்சுதா என்றுதான் கேட்கிறாள். நேற்று முதல்முறையாக, காஞ்சிரும் சாந்தா, திங்கக்கிழமை ஆள் வர்றாங்க, என்று அவரால் சொல்ல முடிந்தது. "நெசமாவா?" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவ்வளவு ஆசை இருந்தது. திங்கட்கிழமை ஆள் வருவதற்கு இன்றைக்கு அவர் ஒரு வேலை செய்ய வேண்டும். கம்பெனி எஞ்சினியர் பிரகதீஷ் பல்லடத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டியை வீடு காட்டக் கூட்டி வருகிறான், அவர்களும் இதே கம்பெனியிடம் வீடு கட்டக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். "நீங்க ரெண்டு வார்த்தை நல்லாச் சொல்லிருங்க சார், போதும். அவங்க கையெழுத்துப் போட்டாங்கன்னா திங்கக்கிழமையே மேல் பாத்ரூமை ஒடைச்சு லைனை மாத்திரலாங்க. எம்.டி. வாயாலயே சொல்லிட்டாருங்க சார்." மாத்திரலாங்க, பண்ணிரலாங்க, முடிச்சிரலாங்க. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஒருவன் மேல் இவ்வளவு குமட்டல் வரும் என்று சென்னியப்பன் தன் அறுபது வயதில் எதிர்பார்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பிரகதீஷே வந்து ஆள் வைத்து அந்தச் சாமி ரூம் சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனான், இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் வெள்ளை வெளேரென்று இருக்கும், பிறகு மேல் மூலையில், கூரையும் சுவரும் சேருகிற இடத்தில், வெளிறிய மஞ்சளாக ஒரு பொட்டு எழும், அது கோடாகும், கோடு கீழே இறங்கிச் சாமி படம் வைக்கிற கிரானைட் பலகைவரை வரும். பெயிண்ட் அடித்த கையோடு, மாதக்கணக்காகச் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்த சாமி படங்களையெல்லாம் அவனே எடுத்துப் பலகைமேல் அடுக்கிவைத்து, "பூஜை ரூம்தான் சார் இந்த வீட்டுக்கே அழகு" என்றான். சுவர் ஈரம் காட்டாமல் இருக்க வேண்டுமென்றால் மாடிக் கக்கூசில் தண்ணீர் விடக்கூடாது. கீழே இருக்கிற கக்கூசுக்கு இன்னும் குழாயே வரவில்லை, உள்ளே நாலு சிமெண்ட் மூட்டை கல்லாகிக் கிடக்கிறது. அதனால் நேற்றிலிருந்து சென்னியப்பன் மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்குக்குப் போய்வருகிறார். இரண்டு மாடி, தேக்கு வாசற்கால், முகப்பில் பெயர் பொறித்த கல், எல்லாம் உண்டு, வெளிக்குப் போக மட்டும் டூவீலரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சும்மா போனால் நன்றாக இருக்காது என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெட்ரோலும் போட்டுக்கொள்கிறார். இன்று காலை, "என்னங் சார், நேத்துலருந்து டேங்க் ஃபுல் பண்ணிட்டே இருக்கீங்க, டூர் எங்காச்சும் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பங்குக்காரன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கக்கூஸ் இருந்த இருப்பு, அந்தக் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்த விரல், வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டும் விரலில் இருந்துகொண்டே இருந்தது. காலையில் அதே விரலால்தான் இட்லி பிய்த்தார். பாதியில் தட்டைத் தள்ளிவிட்டார். நாற்றம் வீட்டில் இருக்கிறதா தன் மூக்கில் இருக்கிறதா என்பதே இப்போதெல்லாம் சந்தேகம். போன வாரம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து இலைக்காரர் லேசாகத் தள்ளி உட்கார்ந்தார், இடம் பற்றாமல் தள்ளினாரா தன்னிடமிருந்து அடிக்கிறதா என்று பாயசம் வரைக்கும் அதே யோசனை. சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்ததை எதிர் வரிசையில் ஒரு குழந்தை பார்த்துவிட்டது.

எல்லாம் அந்த ஈசானிய மூலையில் வந்த வினை. கம்பெனிக்காரன் முதலில் போட்ட பிளானில் அந்த மூலையில் ஸ்டோர் ரூம்தான் இருந்தது, அரிசி மூட்டைக்குமேல் மாடிக் கக்கூஸ் இருந்தால் யாருக்கென்ன. மாடிச் சுவர் பாதி எழும்பின பிறகு வாஸ்துக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தது சென்னியப்பனேதான், சாந்தாமணி கேட்டாள் என்று கூட்டி வந்தார். அந்த மனுசன் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வெயிலில் அரை மணி நேரம் நின்று, "ஈசானியத்துல ஸ்டோர் ரூம் ஆவாதுங்க, அங்க சாமிய வெச்சிருங்க, மேல இருக்கற பாத்ரூமை மேக்கால தள்ளிருங்க" என்றார். இரண்டு மாற்றம். பிரகதீஷ் நின்ற இடத்திலேயே, "ரெண்டையும் மாத்திரலாங்க சார்" என்றான், அப்போது அந்த வார்த்தை காதில் தேனாகத்தான் விழுந்தது, என்ன தங்கமான பையன், கொத்தனாரிடம் விட்டிருந்தால் இதற்கு எத்தனை முனகல் முனகியிருப்பான் என்று சாந்தாமணியிடம் பெருமையாகச் சொன்னார். சொன்னபடி ஒன்றை மாற்றினார்கள். கீழே ஒரு கதவை எடுத்து மணி வைத்த கதவு போட்டால் ஸ்டோர் ரூம் சாமி ரூம் ஆகிவிடும், அதற்கென்ன கஷ்டம். மேலே குழாயெல்லாம் போட்டாயிற்று, அதை யார் நகர்த்துவது. ஒருநாள் படி ஏறிப் பார்க்கிறார், கீழே எந்த இடத்தில் முருகன் படம் வரப்போகிறதோ அதற்கு நேர் மேலே பீங்கான் உட்கார்ந்திருக்கிறது, வெள்ளையாக, பளபளவென்று, பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காமல். அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு வேலையை நிறுத்து என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அன்றைக்குக் கையில் பத்திரிகை இருந்தது, புதுமனை புகுவிழாப் பத்திரிகை, அப்போதுதான் அச்சகத்திலிருந்து வாங்கி வந்தது, மஞ்சள் தடவினது, வைகாசி மாதக் கடைசி முகூர்த்தம், அதை விட்டால் ஆனி, ஆடி, அதில் யார் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பத்திரிகை அடித்த பிறகு நிறுத்தினால் சொந்தக்காரன் ஒவ்வொருவனும் ஒவ்வொரு காரணம் கட்டுவான், காசில்லை என்பான், கேஸ் என்பான், பொண்டாட்டிக்கு ஆகவில்லை என்பான். பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார், அதுதான் உண்மை, கம்பெனிக்குப் பயந்தல்ல, சித்தப்பன் பெரியப்பன் மக்களுக்குப் பயந்து. கதவில்லாத பாத்ரூமுக்குப் போர்வை கட்டி, டைல்ஸ் ஒட்டாத இடத்துக்கு ஜமுக்காளம் விரித்துப் பால் காய்ச்சினார்கள். பசுமாட்டை உள்ளே கூட்டி வந்தார்கள், அது ஹாலுக்கு நடுவில் நின்று நிதானமாக மூத்திரம் பெய்தது, எல்லோரும் ஆகா ஆகா என்று சந்தோஷப்பட்டார்கள், சாந்தாமணிக்குக் கண்ணே கலங்கிவிட்டது, மச்சான் ஒருத்தர் கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டார். அன்றைக்கு அப்படி, இன்றைக்கு இப்படி. பால் பொங்கும்போது கம்பெனி ஆள் ஒருத்தன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான், விசேஷத்துக்கு எடுக்கிறான் என்று இவர்களும் பல்லைக் காட்டினார்கள். அந்தப் போட்டோவைத்தான் ஒழுகல் ஆரம்பித்துக் கம்பெனி ஆபீசுக்குப் போனபோது எடுத்து நீட்டினார்கள். "பால் காச்சிட்டீங்கல்லீங்க சார், அப்புறம் வீட்டை நீங்க ஒத்துக்கிட்ட மாதிரிதானுங்களே." ஏ.சி. ரூமில், சோபாவில் உட்காரவைத்து, காபி கொடுத்து, அதைச் சொன்னார்கள். காபியில் ஏடு மிதந்தது. அதைக் குடித்தார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் தூபக்காலைக் கொண்டுபோய்ச் சமையல் மேடைக்கு அடியில் தள்ளினார், திருடன் மாதிரி. பிரகதீஷ் காரில் வந்திருந்தான், பின்னாலேயே டூவீலரில் அவர்கள். புருஷன் பெயர் திருமூர்த்தி, தறி ஓட்டுகிறானாம், முப்பத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான ஆள், செருப்பை வெளிக் கேட்டுக்கு அந்தப் பக்கமே கழற்றிவிட்டு வந்தான். அவள் கோகிலவாணி. ஹெல்மெட்டைக் கழற்றினதும் வியர்வையில் ஒட்டின முடியைக்கூட ஒதுக்காமல் வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள், வாசற்காலைத் தொட்டுப் பார்த்தாள், முகப்புக் கல்லில் சென்னியப்பன் சாந்தாமணி என்று இருந்ததைப் படித்து, "அம்மா பேரும் போட்டிருக்கீங்களா, ரொம்ப நல்லாருக்குதுங்க. அம்மா இல்லீங்களா?" என்றாள். "பொள்ளாச்சி போயிருக்குது, தங்கச்சி ஊட்டுக்கு" என்றார். இதுவரைக்கும் பொய் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அவள் ஒரே மூச்சில் குடித்து இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்தாள். இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று அவர் மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்ததை நினைத்து அவருக்கே அசிங்கமாக இருந்தது, வீட்டுக்கு வந்த பெண் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதை ஒருத்தன் இப்படியா பார்த்துக்கொண்டு நிற்பான். "சொல்லுங்கய்யா" என்றான் திருமூர்த்தி, முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. "நாங்க இருந்தது பூராம் தறிக்குடோன் லைன் ஊடுங்க. இவளுக்குச் சொந்த ஊடுன்னா உசுரு. இவங்ககிட்ட நம்பிக் குடுக்கலாங்களா?" பிரகதீஷ் இவரைப் பார்த்தான், பார்த்துவிட்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கட்டக் கொடுக்கும் முன்னால் இதே கம்பெனி ஒரு வீட்டைக் காட்டக் கூட்டிப்போன வடவள்ளியில், இவர் இதே மாதிரி முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டபோது, அந்த வீட்டுக்காரர், ரிட்டையர்டு தாசில்தார் ஒருத்தர், பேசின நேரம் முழுக்க ஒரு கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டே நின்றிருந்தார், காபி எடுக்கக்கூட நகரவில்லை, மருமகளைக் கூப்பிட்டு எடுத்துவரச் சொன்னார். அப்போது அது பெரிய மனுசத்தனம் என்று தோன்றியது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று இத்தனை நாள் ஏன் தோன்றாமல் போயிற்று. அந்த ஆளுக்கும் ஒரு திங்கட்கிழமை சொல்லியிருப்பார்கள். அடத்தூ. அந்த ஆள் மேல் வந்த ஆத்திரம் பாதியில் நின்றது, ஏனென்றால் அதற்குள் இவருடைய வாய் பேச ஆரம்பித்திருந்தது. "தாராளமாக் குடுங்க தம்பி. சொன்ன சொல்லு மாற மாட்டாங்க. நானெல்லாம் கட்டும்போது பாதி நாள் வந்து பாக்கவே இல்ல, அவ்வளவு பொறுப்பு." கேட்காததையும் சேர்த்துச் சொன்னது வாய். நாக்கு தடுக்கவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. திருமூர்த்தியின் தோள் அப்படியே இறங்கித் தளர்ந்தது, சுமையை இறக்கிவைத்தவனைப்போலச் சிரித்தான். சாந்தாமணி, திங்கட்கிழமை ஆள் வருவான், நீ செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிவிடலாம்.

"மேல போயிப் பாக்கலாங்களா?" என்று கோகிலவாணி எழுந்தாள். போய்ப் பார்க்கட்டும், மேலே பெட்ரூம் நன்றாகத்தான் இருக்கிறது, பால்கனியில் காற்று வரும். இவர் முழங்கால் வலி என்று கீழேயே இருந்துகொண்டார். மாடியில் நடக்கிற சத்தம், பிரகதீஷ் ஜன்னலைத் திறந்து காட்டுகிற சத்தம், அப்புறம் அவள் குரல், தயங்கித் தயங்கி, "பாத்ரூம் போய்க்கலாங்களா, பல்லடத்துல இருந்து வர்றமுங்க," அதற்குப் பிரகதீஷ், "அட, தாராளமாப் போங்க மேடம், ஃபிட்டிங்ஸ் எல்லாம் நம்பர் ஒன்னுங்க." தாராளமா. இவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொல்கிறான். எழுந்து படியடிக்குப் போய், அம்மிணி, அங்க தண்ணி வரல, என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுத்தால் புது வீட்டில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பாள். உட்கார்ந்தே இருந்தார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் ஒரு பெண் பாத்ரூம் போகிற சத்தத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற நிலைமைக்குத் தன்னைக் கொண்டுவந்து விட்டவர்களை அவர் மனசுக்குள் ஒவ்வொருத்தராகத் திட்டினார், எம்.டி.யை, பிரகதீஷை, வாஸ்துக்காரரை, வடவள்ளித் தாசில்தாரை, மாட்டு மூத்திரத்தைத் தலையில் தெளித்துக்கொண்ட மச்சானை. யாரைத் திட்டினாலும் சுற்றிச் சுற்றி அந்தச் சோபாவும் காபியும் வந்து நின்றன. கடகடவென்று தண்ணீர் இறங்குகிற சத்தம். இரண்டு நாளாகக் காய்ந்து கிடந்த குழாய். அந்தத் தண்ணீர் எப்படிப் போகும் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும், முதலில் ஒன்றும் இருக்காது, பிறகு கூரை மூலையில் பெயிண்ட் லேசாக உப்பும், பிறகு உடையும், பிறகு இறங்கும். எழுந்து போய்ச் சாமி ரூம் கதவைச் சாத்திவைக்கலாம் என்று நினைத்து, கதவுவரை போய், கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த பிறகு இன்னொரு யோசனை, அந்தத் தாசில்தாரைப்போல முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கப் போகிறோமா, என்று. கையை எடுத்துவிட்டார். எடுத்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவருக்கே விளங்கவில்லை. அதற்குள் மூன்று பேரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"இதுதானுங்க மேடம் பூஜை ரூம், கரெக்டா ஈசானிய மூலை" என்று பிரகதீஷ் கதவைத் தள்ளித் திறந்தான், கதவில் இருந்த சின்ன மணிகளெல்லாம் ஒன்றாகக் குலுங்கின. கோகிலவாணி சட்டென்று தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள், காலை ஒருதடவை மிதியடியில் துடைத்துக்கொண்டாள், உள்ளே போய்க் கையைக் கூப்பிக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று ஊருக்கே தெரியும், இந்த மாதிரி ஒரு வீடு என்று வேண்டிக்கொள்கிறாள். அவள் தலைக்குமேலே மூலையில் பெயிண்ட் உப்பி உடைந்திருந்தது. சென்னியப்பன் அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கோடு முருகன் படத்தின் பின்னால் போய் மறைந்து, அடியில் வெளிவந்து, பலகையை நெருங்கியது, பலகையில் சுவரோடு ஒட்டி நேற்றுப் பிரகதீஷ் அழகுக்கென்று கொண்டுவந்து வைத்த பித்தளைத் தட்டு, அதில் குவித்து வைத்த திருநீறு, கோடு தட்டின் விளிம்பில் ஒரு கணம் நின்று உள்ளே இறங்கியது. திருநீறு ஒரு பக்கம் கறுத்து இளகியது. கையை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். அவள் கண்ணைத் திறந்தாள். பக்தியோடு, மூன்று விரலால், எந்தப் பக்கம் ஈரமாகக் குழைவாக இருந்ததோ அந்தப் பக்கமே எடுத்தாள், பஞ்சாமிர்தம் சிந்தியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. புருஷன் நெற்றியில் இட்டாள், அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். தன் நெற்றியில் இட்டாள். விரலில் மிச்சம் இருந்ததை, எல்லோரும் செய்வதைப்போல, வாயில் போட்டுக்கொண்டாள்.

"துப்பு!"

யார் கத்தியது என்று அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் கதவு மணிகூட அதிர்ந்திருக்கும். "துப்பிரு அம்மிணி, முழுங்கீராத, துப்பு, துப்பு" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்து, எங்கே துப்புவாள் என்று தெரியாமல் தன் வலது கையைக் குழித்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார். அவள் மிரண்டுபோய்ப் புருஷனைப் பார்த்தாள், சாமியைப் பார்த்தாள், இந்த ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்கிற மாதிரி இவரைப் பார்த்தாள். "கக்கூஸ் தண்ணி அம்மிணி அது. மேலிருந்து எறங்குது. நீ இப்ப ஊத்தினியே, அதுதான்." அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. துப்பினாள். அவர் கையிலேயே துப்பினாள், எச்சிலும் சாம்பலுமாக, மறுபடியும், மறுபடியும், கண்ணில் நீர் வரத் துப்பினாள். சென்னியப்பன் கையை எடுக்கவில்லை. திருமூர்த்தி புறங்கையால் நெற்றியை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான், துடைக்கத் துடைக்கத் தோல் சிவந்தது. "சார்," என்றான் பிரகதீஷ், இப்போதும் மரியாதையாகத்தான், "என்னங் சார் இப்படிப் பண்ணிட்டீங்க, திங்கக்கிழமை" என்று ஆரம்பித்தான். "ஒண்ணும் வேணாம், போ" என்றார். பிறகு திருமூர்த்தியிடம், அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் அவன் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு, "குடுக்காத தம்பி. நான் சொன்னது அத்தனையும் பொய்யி" என்றார். கோகிலவாணி வெளியே ஓடி வேலியோரமாகக் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. இந்த நேரத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்துதான் வரும். கையைக் கழுவாமல் எடுக்க முடியாது, கழுவ வேண்டும், எடுத்தால் சுவர் காயப்போவதில்லை என்று சொல்ல வேண்டும். அவர் பின்கட்டுக் குழாயைத் திறந்து, போன் அடித்து ஓயும்வரை கையைக் கழுவினார்.